தலைமையாசிரியர் கடைசிவரை உட்கார்ந்திருந்த பட்டறை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பட்டறை என்று பள்ளிப் புலனக் குழுவில் அறிவிப்பு வந்தால் ஆசிரியர்களின் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் உங்கள் வீட்டில் ஆசிரியர் யாரும் இல்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் நானும் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், மனைவி இன்னும் வேலையில் இருக்கிறார். அறிவிப்பு வந்ததும் "சரிங்க டீச்சர்", "நன்றிங்க டீச்சர்" என்று பதில்கள் வரிசையாக விழும். அடுத்த நிமிடமே இன்னொரு குழுவில், எச்.எம். என்கிற தலைமையாசிரியர் இல்லாத குழுவில், வேறு மாதிரிப் பதில்கள் விழும். அவற்றை இங்கே எழுத முடியாது.

நம் மலேசியாவில் அரசு ஊழியர் ஆண்டுக்கு ஏழு நாளாவது பயிற்சியில் இருக்க வேண்டும் என்ற கணக்கு நெடுங்காலமாக உண்டு. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர் லடாப். பணியிடைப் பயிற்சி என்று அறிக்கையில் எழுதுவோம், வாயில் வருவது லடாப்தான். இந்த ஏழு நாளை எப்படியாவது நிரப்பியாக வேண்டும் என்ற அவசரம், நல்ல பட்டறைகளையும் கெட்ட பட்டறைகளையும் ஒரே தட்டில் கொண்டுவந்து வைத்துவிடும். நவம்பர் நெருங்க நெருங்கப் பட்டறைகளின் எண்ணிக்கை கூடுவது தற்செயல் அல்ல.

ஈப்போவில் பெரிய பட்டறை என்றால் ஏதாவது விடுதி மண்டபமாக இருக்கும். உள்ளே நுழைந்தால் எலும்பு நடுங்கும் குளிர். பின்னால் ஒரு பெரிய பதாகை. நாசி லெமாக், கரிபாப், தே தாரிக். பிறகு தொடக்க உரை, அதற்கு முன் வரவேற்புரை, அதற்கு முன் தேசிய கீதம், மாநில கீதம். ஒருவழியாகப் பேச்சாளர் மேடைக்கு வந்ததும் எல்லோரையும் எழுப்பிக் கைதட்டும் விளையாட்டு ஒன்று ஆட வைப்பார். அதன்பின் குழு வேலை. குழு வேலை என்றால் மாஜோங் தாள். மேசைக்கு ஒரு பெரிய வெள்ளைத் தாளும் நான்கு வண்ண மார்க்கரும் வைத்து, "உங்கள் பள்ளியின் பிரச்சினைகளைக் குமிழி வரைபடத்தில் எழுதுங்கள்" என்பார்கள். எழுத்து அழகாக இருக்கிற டீச்சர் ஒருவர் தலையில் அது விழும். மற்றவர்கள் சுற்றி நின்று ஆலோசனை சொல்வோம். ஒட்டி, சுற்றி வந்து பார்த்து, நட்சத்திரம் ஒட்டி, படம் எடுத்து முடித்தால் மதியச் சாப்பாடு. அந்த மாஜோங் தாள்கள் எல்லாம் மாலையில் எங்கே போகின்றன என்று நான் கவனித்திருக்கிறேன். விடுதி ஊழியர் சுருட்டிக் குப்பைப் பைக்குள் திணிப்பார்.

அடுத்து ஓ.பி.ஆர். ஒரு பக்க அறிக்கை. நிகழ்ச்சியின் பெயர், தேதி, நோக்கம், நான்கு படம், கையெழுத்து. ஒரு பக்கம்தானே என்று நினைக்காதீர்கள். பதாகையின் எழுத்து தெரியும்படி ஒரு படம், பேச்சாளர் படம், குழு வேலைப் படம், எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம் என்று அதற்கு ஓர் இலக்கணமே இருக்கிறது. வகுப்பறையில் என்ன மாறியது என்பதற்கு அதில் ஒரு கட்டம் இருந்து நான் பார்த்ததில்லை.

இவ்வளவு நக்கல் செய்தாலும், பயிற்சியே வேண்டாம் என்று சொல்பவன் நானில்லை. அப்படிச் சொல்வது பேரா மாநிலக்காரனுக்கு அழகும் இல்லை. நாட்டின் தலைமையாசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிலையமான ஐ.ஏ.பி., அமினுடின் பாக்கி என்பவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் நம்ம செம்மோரில் 1926இல் பிறந்தவர், ஈப்போ ஆண்டர்சன் பள்ளியில் படித்தவர். 1956இல் வந்த ரசாக் கல்வி அறிக்கையின் பின்னால் வேலை செய்தவர்களில் ஒருவர். நாற்பது வயது நிறையும் முன்பே, 1965இல் இறந்துபோனார். 1979இல் தொடங்கிய நிலையத்துக்குப் பின்னாளில் அவர் பெயரை வைத்தார்கள். இன்று தலைமையாசிரியராக வேண்டுமென்றால் அங்கே என்.பி.கியூ.இ.எல். என்ற தகுதிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். முன்பெல்லாம் அனுபவம் பார்த்து, வரிசை பார்த்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மறுநாள் கணக்குப் புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். தணிக்கைக்காரர் வரும்போதுதான் எது வவுச்சர், எது ரசீது என்றே பலருக்குத் தெரியவரும். அந்தக் காலத்தைப் பார்த்தவனுக்கு, நாற்காலிக்கு முன்பே பயிற்சி என்பது பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் தகுதிப் படிப்பு ஒரு பக்கம், ஆண்டு முழுதும் பள்ளிகளின் மேல் வந்து விழும் பட்டறைகள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் என் பேச்சு.

நான் பார்த்த அலைகளைச் சொல்கிறேன். 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் போதிக்கச் சொன்னார்கள். மடிக்கணினி வந்தது, புரொஜெக்டர் வந்தது, ஆங்கிலப் பயிற்சி வந்தது. சில ஆண்டுகளில் அந்தக் கொள்கையே போய்விட்டது. 2011இல் கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டம். அதையொட்டிச் சிந்தனை வரைபடங்கள், எட்டு வகை. பிறகு எல்லாப் பள்ளிக்கும் இணையம், ஃபுரோக் என்ற மெய்நிகர் தளம். அதில் உள்ளே நுழைய ஒரு பயிற்சி, நுழைந்தபின் என்ன செய்வது என்று ஒரு பயிற்சி. கடைசியில் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையே அதன் பயன்பாடு மிகக் குறைவு என்று எழுதியது. 2019இல் அந்தத் திட்டம் முடிந்தது. நடுவில் 21ஆம் நூற்றாண்டுக் கற்றல், உயர்நிலைச் சிந்தனைத்திறன். 2020இல் டெலிமா என்ற இணையக் கற்றல் தளம். 2021இல் ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வை எடுத்துவிட்டார்கள், வகுப்புசார் மதிப்பீடு முன்னுக்கு வந்தது. இப்போது 2027இல் முதலாம் ஆண்டில் தொடங்கவிருக்கும் புதிய கலைத்திட்டத்துக்கான பேச்சு.

இதில் எந்த அலையும் கெட்ட எண்ணத்தில் வந்ததில்லை. உயர்நிலைச் சிந்தனைத்திறனை, மலாய்ச் சுருக்கத்தில் கே.பி.ஏ.டி.யை, எடுத்துக்கொள்ளுங்கள். அதை இந்த நாட்டில் ஆழமாகப் பேசியவர்களில் ஒருவர் பேராசிரியர் என்.எஸ். இராஜேந்திரன். நம் மாநிலத்துத் தஞ்சோங் மாலிமில், உப்சி பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 2012இல் பிரதமர் துறையின்கீழ் தமிழ்ப்பள்ளிகளின் மேம்பாட்டுக்கு ஒரு பிரிவு அமைந்தபோது அதை வழிநடத்தியவரும் அவரே. அவர் எழுதியதைப் படித்தால், கேள்வி கேட்பது என்பது எவ்வளவு நுணுக்கமான கலை என்று புரியும். அதே விஷயம் பள்ளிக்கு வந்து சேரும்போது "பயிற்சித் தாளில் இத்தனை கேள்வி இருக்கணும், பக்கத்தில் கே.பி.ஏ.டி. என்று எழுதணும்" என்று ஆகிவிட்டது.

ஏன் அப்படி ஆகிறது? மேலே அமைச்சில் முதன்மைப் பயிற்றுநர்களுக்கு ஒரு வாரம் நடக்கும். அவர்கள் மாநிலத்துக்கு வந்து மூன்று நாள் நடத்துவார்கள். மாநிலத்தில் கேட்டவர் மாவட்டத்தில் ஒரு நாள் நடத்துவார். மாவட்டத்துக்குப் போன ஆசிரியர் தன் பள்ளிக்கு வந்து, கூட்டத்தின் கடைசியில், எல்லோரும் கைப்பையைத் தோளில் மாட்டியபிறகு அரை மணி நேரம் பேசுவார். அதே தேயிலையில் நான்காவது முறை தண்ணீர் ஊற்றினால் நிறம் மட்டும்தான் கொஞ்சம் இருக்கும்.

தோட்டப்புறப் பள்ளிகளுக்கு வரும்போது இந்தக் கதை இன்னும் சிக்கலாகிறது. நாட்டில் தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்றுச் சொச்சம். சுதந்திரம் பெற்ற 1957இல் 888 இருந்தன என்பார்கள். இப்போது எந்த மாநிலத்தையும்விட அதிகமாகப் பேராவில்தான் இருக்கின்றன, 134 பள்ளிகள். ஈப்போ நகரிலும் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் போன்ற ஊர்களிலும் பெரிய பள்ளிகள் உண்டு. மீதி பெரும்பாலும் தோட்டத்தில் பிறந்தவை. 1912இலும் பிறகு 1923இலும் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தோட்ட நிர்வாகங்களைப் பள்ளி நடத்தச் சொல்லின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் ஒரு பள்ளி. துரை சட்டத்துக்காகக் கட்டினார். எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ வாத்தியார் ஆனார். பயிற்சியாவது ஒன்றாவது. பால்மரக் காட்டு ஓரத்தில் ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை.

தோட்டம் எத்தனை டிவிஷனோ அத்தனை பள்ளி என்றுகூட இருந்தது. பாகான் டத்தோ பக்கம் ஜெண்டராட்டா தோட்டத்தைப் பாருங்கள். 1906இல் டென்மார்க்காரர் ஒருவர் தொடங்கியது. அதன் பள்ளிகளின் பெயரில் இன்றும் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று எண் ஒட்டியிருக்கிறது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலம் வந்தது. சுங்கை சிப்புட்டின் துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளியிடம் மாதம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினதெல்லாம் இந்த நேரத்தில்தான். அதன்பின் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையோடு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள், நம் ஆட்கள் தாமான் குடியிருப்புகளுக்குக் கிளம்பினார்கள். லயங்கள் காலியாயின. பள்ளி மட்டும் அங்கேயே நிற்கிறது.

150 மாணவருக்குக் கீழ் இருந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி, எஸ்.கே.எம். முப்பதுக்கும் கீழே போனால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்துவார்கள். இப்படிப்பட்ட பள்ளியில் பட்டறைக்கு ஆள் அனுப்புவது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யுங்கள். ஆறு வகுப்பு, எட்டொன்பது ஆசிரியர். ஒருவர் மலாய்மொழிப் பயிற்சிக்குப் போயிருக்கிறார். ஒருவர் மாவட்ட விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஒருவர் பிரசவ விடுப்பில். எச்.எம்.முக்கு மாவட்டக் கல்வி இலாகாவில் கூட்டம். மிச்சம் இருப்பவர்கள் எத்தனை? இரண்டாம் ஆண்டையும் மூன்றாம் ஆண்டையும் நூல் நிலையத்தில் ஒன்றாக உட்கார வைத்து வண்ணம் தீட்டச் சொல்வார்கள். கற்பித்தலை மேம்படுத்தும் பட்டறைக்காக அன்றைக்குக் கற்பித்தலே நடக்காது. நகரத்துப் பெரிய பள்ளியில் ஐம்பது அறுபது ஆசிரியரில் இருவர் போனால் யாருக்கும் தெரியாது. சிறிய பள்ளியில் ஒருவர் போனாலே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு பள்ளிக்கும் ஒரே சுற்றறிக்கை, ஒரே "ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் இருவர்".

எச்.எம்.மின் நிலைமையும் அப்படித்தான். பெரிய பள்ளியில் மூன்று துணைத்தலைமையாசிரியர்கள் இருப்பார்கள். சின்னப் பள்ளியில் எச்.எம். பாடம் எடுக்கிறார், தண்ணீர்ப் பம்பு கெட்டால் ஆள் தேடுகிறார், பேருந்துக்காரரிடம் கெஞ்சுகிறார், பள்ளி வாரியத்தோடு நிலத்தைப் பற்றிப் பேசுகிறார். நிலம் இன்னும் தோட்டத்தின் பேரில் இருந்தால் ஒரு சுவர் எழுப்பவும் பத்துப் பேரைப் பார்க்க வேண்டும். அதற்கு நடுவில், ஓய்வுக்கு மூன்று நான்கு ஆண்டு இருக்கும்போது தலைமைப் பதவிக்கு வருபவர்கள் இங்கே அதிகம். பள்ளியைப் புரிந்துகொள்வதற்குள் பிரியாவிடை விழா வந்துவிடும். அடுத்தவர் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார்.

இதையெல்லாம் எழுத வைத்தது சமீபத்தில் நான் போயிருந்த ஒரு சனிக்கிழமை. சுங்கை சிப்புட்டைத் தாண்டி, செம்பனைக்கு உள்ளே ஒரு பள்ளி. பெயர் சொல்லாமல் விடுகிறேன், அந்த டீச்சருக்கு விளம்பரம் பிடிக்காது. பக்கத்தில் இருக்கும் இன்னும் இரண்டு சின்னப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டு தலைமையாசிரியையே ஏற்பாடு செய்தது. விடுதி இல்லை, பதாகை இல்லை. நான்காம் ஆண்டு வகுப்பறையில் பிள்ளைகளின் நாற்காலியில்தான் உட்கார்ந்தோம். என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், கணிதம் போதித்தவன், வாயை மூடிக்கொண்டு உட்காரவும் தெரிந்தவன் என்பதால்.

நிகழ்ச்சி நிரல் என்று ஒன்றுதான். ஒவ்வொருவரும் தன் வகுப்புப் பிள்ளைகளின் கணித நோட்டுகள் சிலவற்றைக் கொண்டுவர வேண்டும். நன்றாகச் செய்த நோட்டு வேண்டாம், மோசமான நோட்டும் வேண்டாம், புரியாத நோட்டு வேண்டும். அதாவது, இந்தப் பிள்ளை ஏன் இப்படிச் செய்தான் என்று ஆசிரியருக்கே விளங்காத பக்கம்.

ஓர் இளம் ஆசிரியர் ஒரு நோட்டைத் திறந்து வைத்தார். மேலே 24ஐ 6ஆல் வகுத்து 4 என்று சரியாகப் போட்டிருக்கிறான். அந்த வரிசையில் இருக்கிற எட்டுக் கணக்கும் சரி. கீழே ஒரு வாக்கியக் கணக்கு. 24 பலூன்களை 6 பிள்ளைகளுக்குச் சமமாகக் கொடுத்தால் ஒருவருக்கு எத்தனை கிடைக்கும். பையன் 30 என்று எழுதி, அடியில் அளவுகோல் வைத்து இரண்டு கோடும் போட்டிருக்கிறான். அவ்வளவு நம்பிக்கை.

"கவனக் குறைவு சார்," என்றார் ஒருவர். அந்தச் சொல்லை நாம் எத்தனை முன்னேற்ற அறிக்கையில் எழுதியிருப்போம்!

"வாசிக்கத் தெரியலை போல," என்றார் இன்னொருவர்.

"நல்லா வாசிப்பான் டீச்சர். திங்கட்கிழமை சபைக் கூடலில் உறுதிமொழி வாசிக்கிறதே அவன்தான்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் தலைமையாசிரியை அந்த நோட்டை இழுத்து முன்பக்கங்களைப் புரட்டினார். கூட்டல் பாடம் நடந்தபோது வாக்கியக் கணக்கு எல்லாம் கூட்டல். எல்லாம் சரி. கழித்தல் பாடத்தில் எல்லாம் கழித்தல், எல்லாம் சரி. "இவன் கேள்வியைப் படிக்கவே இல்ல சார். எந்தப் பாடம் நடக்குதுன்னு பார்த்தான், நம்பரைப் பொறுக்கினான், போட்டுட்டான். நாம அப்படித்தானே பழக்கியிருக்கோம்? இந்தப் பக்கத்துல மட்டும் மீள்பார்வைன்னு போட்டு எல்லாத்தையும் கலந்துட்டோம். என்ன செய்யணும்னு தெரியாம, தெரிஞ்ச கூட்டலைப் போட்டிருக்கான்."

எனக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. முப்பது ஆண்டு நானும் தலைப்புவாரியாகத்தான் பயிற்சி கொடுத்தேன், எல்லோரும் அப்படித்தான் கொடுத்தோம், பயிற்சி நூல்களும் அப்படித்தான் அச்சாகின்றன. மற்ற ஆசிரியர்கள் தங்கள் நோட்டுகளைப் புரட்ட ஆரம்பித்தார்கள். இன்னொரு பள்ளியில் அதே கதை, அங்கே பிள்ளை எல்லாவற்றையும் பெருக்கியிருந்தது. ஏனென்றால் அந்த வாரம் பெருக்கல்.

அதன் பிறகு நடந்தது சுவையான வேலை. எண்ணே இல்லாத கணக்கு எழுதலாம் என்று முடிவு செய்தார்கள். "கொஞ்சம் பலூன் இருக்கிறது. சில பிள்ளைகளுக்குச் சமமாகக் கொடுக்கப்போகிறோம். என்ன நடக்கும்? படம் வரை." எண் இல்லாததால் பொறுக்க ஒன்றும் இல்லை, கேள்வியைப் படித்தே ஆக வேண்டும். படம் வரைந்தபின்தான் எண்ணைக் கொடுப்பது. ஒவ்வொருவரும் தன் வகுப்புக்கு ஏற்றபடி ஐந்தைந்து எழுதினார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாங்கி, "இதில் 'மொத்தம்'னு போட்டுட்டீங்களே, அதைப் பார்த்தே கூட்டிடுவான்" என்று திருப்பிக் கொடுத்தார். தலைமையாசிரியையும் எழுதினார். அவர் எழுதியதையும் திருத்தினார்கள். அதுவும் அங்கே புதிதாக வேலைக்கு வந்த டீச்சர் திருத்தினார். இதைப் பார்ப்பதற்காகவே அவ்வளவு தூரம் போகலாம்.

இடையில் மேசை மேல் இருந்த தலைமையாசிரியையின் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. 'செகெரா', அதாவது அவசரம், என்று தலைப்பிட்டு ஏதோ புள்ளிவிவரம் கேட்டிருந்தார்கள். செகெரா வராத நாள் எந்த எச்.எம்.முக்கும் இல்லை, சனிக்கிழமை என்ன, தீபாவளி என்ன. அவர் ஒருமுறை பார்த்தார், கவிழ்த்து வைத்தார். மதியம் கிளம்பும்வரை எடுக்கவில்லை.

இந்த ஒரு காரியத்தைத்தான் நான் சொல்ல வந்தேன். பட்டறையின் தரம் பேச்சாளரிடம் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, அந்தப் பள்ளியின் தலைமை அங்கே மாணவராக உட்கார்ந்திருக்கிறதா என்பதில் இருக்கிறது. நாம் வழக்கமாகப் பார்ப்பது என்ன? எச்.எம். வந்து திறப்புரை ஆற்றுவார், "இந்தப் பட்டறையால் ஆசிரியர்கள் பயனடைய வேண்டும்" என்பார், படம் எடுத்துக்கொள்வார், அடுத்த கூட்டத்துக்குக் கிளம்புவார். ஆசிரியர்கள் அதிலிருந்து என்ன புரிந்துகொள்கிறார்கள்? இது முக்கியமான காரியம் இல்லை, முக்கியமான காரியத்துக்குத்தான் இவர் போகிறார் என்று புரிந்துகொள்கிறார்கள். அடுத்த வாரம் ஓர் ஆசிரியர் எண்ணில்லாத கணக்கை வகுப்பில் முயன்று பார்க்கும்போது எச்.எம். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பயிற்சி நூல் ஏன் முடியலை?" என்று கேட்டால் கதை அங்கேயே முடிந்தது. கூட உட்கார்ந்திருந்தவர் அப்படிக் கேட்கமாட்டார்.

என் சொந்தக் கருத்து மட்டுமல்ல இது. நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் இன்னும் இருவரும் 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பள்ளித் தலைமை செய்யும் காரியங்களை ஐந்து வகையாகப் பிரித்து, பிள்ளைகளின் அடைவில் எது எவ்வளவு தெரிகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒழுங்கான சூழலின் விளைவளவு 0.27, வளங்களைத் திரட்டுவது 0.31, இலக்கு வைப்பதும் கற்பித்தலைத் திட்டமிட்டுக் கண்காணிப்பதும் 0.42 அளவில். ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தானும் பங்கெடுப்பது 0.84. இரண்டு மடங்கு. அந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம், அந்த ஒரு வகைக்கு அடியில் இருந்த ஆய்வுகள் சிலவே. ஆனாலும் எது மேலே நிற்கிறது என்பதைப் பாருங்கள். நம் எச்.எம்.களின் நேரம் முழுக்க எதில் கரைகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதற்கும் முன்பே, 1980களில், புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் இன்னொன்றைச் சொல்லிவிட்டார்கள். விளக்கிச் சொன்னாலும், செய்து காட்டினாலும், மண்டபத்திலேயே செய்து பார்க்க வைத்தாலும், வகுப்பறைக்குப் போனபின் கூட ஒருவர் வந்து உதவாவிட்டால் கற்றது அங்கே ஒட்டாது. ஜப்பானியப் பள்ளிகளில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு உட்கார்ந்து பேசுவது நூறாண்டுப் பழக்கம். நம் அமைச்சும் இதையெல்லாம் அறியாமல் இல்லை. 2013இல் தொடங்கிய கல்விப் பெருந்திட்டத்தில் மாவட்டம்தோறும் ஆசிரியர்களுக்கு எஸ்.ஐ.எஸ்.சி. பயிற்றுநர்களும் தலைமையாசிரியர்களுக்கு எஸ்.ஐ. பார்ட்னர்களும் நியமிக்கப்பட்டார்கள். யோசனை அருமை. நல்ல பயிற்றுநர் கையில் விழுந்த பள்ளிகளுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் தமிழ்ப்பள்ளியின் இரண்டாம் ஆண்டு வகுப்பில் உட்கார்ந்து, பிள்ளை தமிழில் வாசிக்கும் கணக்கை எங்கே தவறவிடுகிறான் என்று பார்க்கத் தமிழ் தெரிந்த பயிற்றுநர் வேண்டும். தமிழ் தெரியாதவர் வந்தால் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது, நாள் பாடத்திட்டம் எழுதியாகிவிட்டதா என்பதைத்தான் பார்க்க முடியும். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய?

தமிழ்நாட்டில் ஊராட்சிப் பள்ளிகளுக்குக் குறுவள மையம் என்று வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு பள்ளியில் கூடிப் பேசுவதற்கான ஏற்பாடு. அங்கேயும் பல நேரம் மேலிருந்து வந்த தாளை வாசித்துவிட்டுக் கலைவதாகத்தான் அங்குள்ள ஆசிரிய நண்பர்கள் குறைபடுகிறார்கள். இருந்தாலும் அந்த அளவு எனக்குப் பிடித்திருக்கிறது. நடந்து போகும் தூரம், தெரிந்த முகம், ஒரே மாதிரிப் பிள்ளைகள். பேராவில் இதைச் செய்யப் புதிதாக ஒரு காசும் தேவையில்லை. சுங்கை சிப்புட் பக்கம் எல்ஃபில், டோவன்பி, ஹேவுட் என்று தோட்டப் பெயரோடு பள்ளிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. தெலுக் இந்தான், பாகான் டத்தோ பக்கம் இன்னும் நெருக்கம். மூன்று பள்ளி சேர்ந்தால் இருபத்தைந்து ஆசிரியர். அதே ஆண்டைப் போதிக்கும் மூன்று பேர் முதல்முறையாக ஒரே மேசையில் உட்காருவார்கள். சின்னப் பள்ளியில் மூன்றாம் ஆண்டுக்கு ஒரே ஆசிரியர்தானே, அவர் தன் சந்தேகத்தை யாரிடம் கேட்பார்?

பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊக்கமூட்டும் பேச்சாளரைக் கோலாலம்பூரிலிருந்து வரவழைக்கத் திரட்டும் பணத்தில் கொஞ்சம் எடுத்து, ஆசிரியர் பக்கத்துப் பள்ளிக்குப் போய் வகுப்பைப் பார்க்கும் நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைக் கூப்பிடலாம். என்னைப் போல வீட்டில் தமிழ் நாளிதழைக் கடைசிப் பக்கம்வரை படித்துக்கொண்டிருப்பவர்கள் புந்தோங்கிலும் குனோங் ராப்பாட்டிலும் எத்தனையோ பேர். பெட்ரோலும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுத்தால் ஓடி வருவோம். மாவட்ட இலாகா செய்யக்கூடியது அதைவிடச் சுலபம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் செகெரா அனுப்பாமல் இருக்கலாம்.

அந்தச் சுங்கை சிப்புட் பள்ளிக்கு மறுபடி போனேன். பலூன் பையனின் வகுப்பைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கப் பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவரும் வந்திருந்தார். பையன் இப்போது படம் வரைகிறான். ஆறு பிள்ளைகளை வரைந்து, தலைமுடி எல்லாம் போட்டு, பலூனை வரைய நேரமில்லாமல் மணி அடித்துவிட்டது. விடை வரவில்லை. 30 என்றும் எழுதவில்லை. தலைமையாசிரியைக்கு வேறு கவலை. மூன்று பள்ளி சேர்ந்து நடத்தியதை இணையப் பதிவில் எந்தப் பிரிவில் ஏற்றுவது, பதாகைப் படம் இல்லாத ஓ.பி.ஆரை யார் ஏற்பார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கரும்பலகையில் 'கணிதப் பட்டறை' என்று எழுதி, அதன் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பியிருக்கிறார்கள், ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். அடுத்த கூட்டம் பக்கத்துத் தோட்டத்தில், மலாய் வாசிப்பைப் பற்றி. அந்தப் பள்ளி எச்.எம். கடைசிவரை உட்காருவாரா என்று தெரியவில்லை. அவருக்கு அன்றைக்கே இன்னொரு கூட்டம் போட்டிருக்கிறார்கள்.